மஞ்சள் வைத்த சான்றிதழ்

குவைத்தில் புல்லைக் குளிப்பாட்டுவது என் வேலை. ஊரில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். நான் இருக்கும் பெண்கள் பள்ளியின் மைதானம் பிளாஸ்டிக் புல். வெயிலில் அது கொதிக்கும். பிள்ளைகள் ஆட வருமுன் குழாயைப் பிடித்துச் சூட்டைத் தணிக்க வேண்டும். எங்களைப் போன்ற கடைநிலை ஊழியப் பெண்களை இங்கே ஃபர்ராஷா என்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் ஐயம்பேட்டையில் நாங்கள் ஆடிய இடத்தில் நெருஞ்சிதான் முளைக்கும். ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து ஒருவர் காலில் ஒருவர் முள் எடுப்போம். அங்கிருந்து போய்த்தான் இந்தியப் பெண்கள் கால்பந்து அணியில் முன்வரிசையில் நிற்கும் முன்னணி ஆட்டக்காரியாக ஏழு ஆட்டங்கள் ஆடினேன், இரண்டு கோல் போட்டேன். இதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஆடும்போது யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனால்தான் எனக்கு அந்த ஆட்டம் பிடித்தது. முழங்காலில் தசைநார் அறுந்தபின் யாரும் கூப்பிடவில்லை. பத்தாம் வகுப்புப் படிப்புக்குப் புடவைக் கடையில் மடித்து அடுக்கும் வேலைதான் கிடைத்தது. பிறகு இங்கே வந்தேன்.

அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஆயுதபூஜை அன்று ஆட்டோவுக்குப் பொட்டு வைத்துவிட்டு என் பூட்ஸையும் பந்தையும் கொண்டுவரச் சொல்வார். "சக்கரம் ஓடினாத்தான் சோறு. இவ காலும் அப்படித்தான்," என்பார். அம்மா அவற்றோடு, இந்தியாவுக்கு ஆடியதற்குக் கொடுத்த என் சான்றிதழையும் வைத்து மஞ்சள் குங்குமம் இடுவாள். லேமினேட் செய்தால் அசல் இல்லை என்பார்கள் என்று யாரோ சொன்னதால் அது வெறும் தாளாகவே இருந்தது. அப்பா போனபிறகும், நான் விமானம் ஏறியபிறகும், அம்மா வருடந்தோறும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் ஒரு பந்து என்னிடம் உருண்டு வந்தது. குழாயைப் பிடித்தபடியே காலால் நிறுத்தி, தூரத்தில் நின்ற சிறுமியின் காலடிக்கு அனுப்பினேன். விளையாட்டு ஆசிரியை பார்த்துவிட்டார். எகிப்துக்காரர், அவர்கள் ஊர் வழக்கப்படி டீச்சரை அப்லா என்று அழைப்போம். தெரிந்த கொஞ்சம் அரபியில், இந்தியாவுக்காக ஆடினேன் என்றேன். "அண்ணன் தம்பிகளோடு தெருவிலா?" என்று சிரித்தார். விளக்குவதற்குள் வியர்த்துவிட்டது. என் பெயரைப் போனில் தேடினார். ஒன்றும் வரவில்லை. எங்கள் ஆட்டங்களை அன்று யாரும் படம்பிடிக்கவில்லை. உதவிப் பயிற்சியாளர் ஒருவர் தேவை, வியாழனுக்குள் சான்றிதழின் படம் கொண்டு வா, முத்திரை தெளிவாக இருக்க வேண்டும் என்றார்.

மதிய இடைவேளையில் வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். தம்பி குமார் தாளைக் காட்டினான். முத்திரையும் கையெழுத்தும் இருந்த மூலை முழுக்க மஞ்சள், மேலே குங்குமம்.

"அக்கா, முருகனே கையெழுத்து போட்டு வெச்சிருக்காரு. அம்மா வருஷா வருஷம் ரினியூவல் பண்ணிக்கினு இருந்திருக்காங்க," என்றான்.

"வாயை மூட்றா. ஈரத்துணில தொடச்சா போயிடும்," என்றாள் அம்மா.

"தொடாதம்மா. அப்படியே போட்டோ எடுக்கட்டும்," என்றேன்.

"கறையோட அனுப்பினா இன்னா நெனைப்பாங்க கண்ணு? நல்லாவா இருக்குது?"

படம் உறைந்தது. அம்மாவின் கையும் துணியும் தாளுக்கு மேலே நின்றன. சிக்னல் தேடி மைதானத்தின் மூலைக்கு மூலை நொண்டி ஓடினேன். "அம்மா, வேணாம்மா" என்று அசையாத படத்திடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். படம் திரும்பியபோது மஞ்சள் போயிருந்தது. அந்த இடத்தில் ஊதா ஈரம் பரவியிருந்தது.

"பாரு, எப்படிப் பளிச்சுனு ஆயிடுச்சி," என்றாள் அம்மா. குமார் முத்திரை இருந்த மூலையைக் கேமரா பக்கம் கொண்டுவந்தான்.

மறுநாள் அவன் நகல் கேட்டுக் கால்பந்துச் சங்க அலுவலகத்துக்குப் போனான். அந்தக் காலத்துப் பதிவேடு இங்கே இல்லை என்றார்களாம். வியாழனன்று அப்லா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தட்டச்சு செய்த என் பெயர் மட்டும் தெரிந்தது. "மாலேஷ்," என்றார். பரவாயில்லை, போகட்டும் என்று பொருள். வருத்தமாகத்தான் சொன்னார்.

அந்தத் தாளே போதும் என்று சொல்லிவிட்டார்கள் என அம்மாவிடம் சொன்னேன். வேறென்ன சொல்வது? இப்போது ஐயம்பேட்டையில் நான் கோச். பஸ் ஸ்டாப்பில்கூட அம்மா சொல்கிறாளாம்.

புதிதாகச் சேர்ந்த உதவிப் பயிற்சியாளர் ஓர் இளம்பெண். நேற்று கோல் அடிக்கக் கற்றுக்கொடுக்கும்போது, அடையாளத்துக்கு வைக்கும் ஆரஞ்சுக் கூம்பில் ஒன்று குறைந்தது. என்னைக் கூப்பிட்டு முன்னணி ஆட்டக்காரி நிற்கும் இடத்தில் நிறுத்தினார். நகரக் கூடாது என்று கையால் காட்டினார். சிறுமிகள் என்னைச் சுற்றிப் பந்தைக் கொண்டுபோனார்கள். சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்துக்குக் கூப்பிடுவது அம்மாதான். ஒரு பந்து சரியாக என் வலது காலுக்கு வந்தது. அதைப் போகவிட்டேன்.