நிற்காமல் அடித்த மிஸ்டு கால்

துபாயில் எம்பிஏ படித்துக்கொண்டிருந்த என் மகள் தினமும் மாலையில் மிஸ்டு கால் கொடுப்பாள். நலமாக இருக்கிறாள் என்று அர்த்தம். குவைத்தில், மங்காஃப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் நாங்கள் அதை எடுக்கவே மாட்டோம்.

அன்று மணி நிற்கவில்லை. ஓடிப்போய் எடுத்தேன். ஒரே கூச்சல்.

"என்னாச்சு பாப்பா? ஆஸ்பத்திரியா?"

"அய்யோ, இல்லம்மா! பிசினஸ் பிளான் போட்டியில எங்க டீம் ஜெயிச்சிருச்சு. மேடையில நான்தான் பேசினேன்!"

நாலு பேரைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் பெண் அவள். பின்னாலிருந்து சீன, பாகிஸ்தானி, நைஜீரியத் தோழர்கள், அவள் சொல்லிக்கொடுத்தபடி, "அம்மா, சாப்டீங்களா?" என்று ஒரே குரலில் கத்தினார்கள்.

"இல்லப்பா, இனிமேதான்" என்றேன், அழுதுகொண்டே சிரித்தபடி.

போனை வைத்தேன். சந்தோஷத்துக்கும் மணி இவ்வளவு நேரம் அடிக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.