எந்தக் கரை மீன் என்று எழுதிய பலகை

சவிரியான் அண்ணன் இறந்த செய்தி எனக்குச் சிலாபம் மீன் சந்தையில்தான் கிடைத்தது. மாம்புரியிலிருந்து வந்த அவருடைய மருமகன் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு, “மாமா முந்தாநாள் போயிட்டார், மாஸ்டர். நெஞ்சு வருத்தந்தான்” என்றான். அடக்கமும் முடிந்திருந்தது. எனக்கு ஏன் ஆள் அனுப்பவில்லை என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கில்லை. ஏன் இல்லை என்பதை அவரை அறிந்த உங்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

யுத்தத்துக்கு முன் சந்தைக்குப் பின்னால் ஒரு யப்பான்காரர் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நான்கு மேசை, ஆடுகிற கதிரைகள். அங்கே இறைச்சியே கிடையாது. ஆகவே இறைச்சி விலக்கும் வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்க வேதக்காரர்களான நாங்கள் மனக்கிலேசமின்றிப் போய் உட்காருவோம். சோறு, மாசிக் கருவாடு சீவிப்போட்டுக் கொதிக்கவைத்த தெளிந்த சாறு, கேட்டால் பச்சை மீன் துண்டுகள். கடைக்கு மீன் கொடுத்தவர் சவிரியான் அண்ணன். முதல்முறை பச்சைச் சூரையை வாயில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூட மாஸ்டரான நான் விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல் விழித்தபோது, “கடல்ல பசிக்கு நாங்க திண்டா காட்டுமிராண்டி. இவர் தட்டுல வச்சுத் தந்தா மாஸ்டர்மாரும் சாப்பிடுவாங்க” என்றார். கதை விளங்காத யப்பான்காரரும் சேர்ந்து சிரித்தார்.

நம் பக்கத்து ஆட்கள் மீனின் விலையைக் கேட்குமுன் கரையைக் கேட்பார்கள். எந்தக் கரை மீன் என்று தெரியாமல் கைவைக்க மாட்டார்கள். வருகிறவர் எல்லாம் இதையே கேட்டதால், பலகைத் துண்டுகளில் எழுதி மாட்டலாம் என்று நான் யோசனை சொன்னேன். நானே எழுதினேன்: மாம்புரி அறக்குளா, தலவில பாரை. கீழே யப்பான்காரர் தம் எழுத்தில் அதையே எழுதினார். என் எழுத்து அழகு என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குப் பெருமைதான்.

யப்பானோடு யுத்தம் தொடங்கிய வாரம் பொலிஸ் வந்தது. யப்பான்காரரை ஏற்றிக்கொண்டு போனார்கள். வழக்கமாகச் சாப்பிடும் எங்களைக் கடை வாசலில் நிறுத்தினார்கள். பலகைகள் பொலிஸோடு வந்த வெள்ளைக்காரத் துரையின் கையில் இருந்தன. கடற்கரை ஊர்களின் பெயர், பக்கத்தில் யப்பான் எழுத்து. கப்பல் வந்து இறங்கத் தோதான இடங்கள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். “இத எழுதினது யார்?” என்று கான்ஸ்டபிள் கேட்டார். என் மனைவிக்கு அது எட்டாம் மாதம். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இரண்டாம் முறையும் கேட்டார்.

“நான்தான் ஐயா. மீன் கொண்டு வாறதும் நான்தானே” என்றார் சவிரியான் அண்ணன். துரைக்குத் தமிழ் எழுத்தெல்லாம் ஒன்றுதான். எழுதிக் காட்டு என்றுகூடக் கேட்கவில்லை.

பதினெட்டு மாதம் அடைத்துவைத்தார்கள். திரும்பி வந்தபோது இருமலும் கூட வந்தது. அதற்குப் பிறகு அவர் தோணியில் ஏறவில்லை. அவர் குடிசைக்குப் போய், “ஏன் அண்ணன் அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன். அவர் நன்றாக இருமி முடித்துவிட்டுத்தான் பேசினார். “முதல் தரம் கேக்கக்குள்ள உங்கட வாயப் பாத்துக்கொண்டு நிண்டன், மாஸ்டர். திறக்கல்ல. பிறகுதான் நான் திறந்தன்.” அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சாப்பிட்டுப் போங்கள் என்றார். அவசர வேலை இருப்பதாகப் பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

எதிரிக்கு எழுதிக் கொடுத்தவன் என்று இன்றும் சிலர் அவரைச் சொல்கிறார்கள். எழுதியது நான். வேண்டுமானால் பொலிஸுக்கும் இதைக் காட்டுங்கள்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவருடைய பதினெட்டு மாதம்தான் இருக்கிறது. அதை நான் என் வீட்டில், என் மகள் தவழ்ந்து, எழுந்து, நடை பழகியதைப் பார்த்துக்கொண்டு கழித்தேன்.