அக்காவுக்கு இங்கிலீஷ்ல என்ன சார்?

தென்காசி ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். பதினோரு வருடமாகிறது. அதில் ஏழெட்டு வருடம் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன் என்பது ஒரு நர்ஸால்தான் எனக்குத் தெரிந்தது.

அவருக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியபுரம். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாக வேலை. கணவர் ராணுவத்தில். ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு. வெளிநாட்டில் ஏதாவது பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்கு ஓர் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். வாசிப்பது, எழுதுவது, கேட்பது எல்லாம் தேறிவிட்டார். பேச்சில் மட்டும், என்னிடம் படித்தும், இரண்டு தடவை போய்விட்டது.

அந்தப் பேச்சுத் தேர்வில் தேர்வாளர் நோயாளி மாதிரி பேசுவார். நர்ஸ் ஆறுதல் சொல்லி, விவரம் கேட்டு, புரியவைக்க வேண்டும். நான் இதற்காகவே முப்பது வாக்கியங்களைத் தட்டச்சு செய்து ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். 'ஐ அண்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன்', 'டோன்ட் வொரி, எவ்ரிதிங் வில் பி ஃபைன்' என்று போகும். அவர் அத்தனையும் மனப்பாடமாகச் சொல்வார். நான் நோயாளியாக உட்கார்ந்து, "எனக்குப் புற்றுநோயா இருக்குமோன்னு பயமா இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னால், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி பதில் வரும். கண் என் தலைக்கு மேலே சுவரில் இருக்கும்.

"இன்னும் உணர்ச்சியா சொல்லுங்க சிஸ்டர்" என்பேன்.

"உணர்ச்சியாத்தான சார் சொல்லுதேன்" என்பார். பாவமாக இருக்கும். அவருக்குப் பேசும் திறன் கொஞ்சம் குறைவு என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

சாரல் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டு இறங்கும்போது, படியில் வழுக்கி விழுந்தேன். ஊன்றிய கைக்கு அடியில் உடைந்த கண்ணாடி. உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. துண்டைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கினால், அவசரப் பிரிவில் அவர்தான் இருந்தார்.

"என்ன சார், இன்னைக்கி நெசமாவே நோயாளியா வந்திருக்கீங்க?" என்றபடி துண்டைப் பிரித்தார்.

எனக்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். மரத்துப்போக வைக்கும் ஊசியை டாக்டர் எடுத்ததும் கை தானாகப் பின்னால் போனது. சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பயப்படாதீங்க என்று சொல்லவில்லை.

"பயமாத்தான் சார் இருக்கும். நல்லா பயந்துக்கிடுங்க. கையை மட்டும் ஆட்டாதீங்க. முதல் ஊசி கடுக்கும், ரெண்டாவது அவ்வளவு தெரியாது. எப்ப குத்தப் போறாங்கன்னு நான் சொல்லுதேன்."

சொன்னார். சொன்னபடியே இருந்தது. ஆறு தையல்.

கட்டுப்போட்டு என்னைப் படுக்கவைத்திருந்தபோது, திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார். கணவரை நெஞ்சுவலி என்று உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். "எந்திரிச்சிருவாரா தாயீ, சொல்லு தாயீ" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றார் இவர். "தெரியாம ஒண்ணைச் சொல்ல மாட்டேன். டாக்டர் பாத்துக்கிட்டிருக்காரு. வெளிய வந்ததும் மொத ஆளா உங்ககிட்ட வந்து சொல்லுதேன். அதுவரைக்கும் நான் இங்கனதான் நிக்கேன். காலையில என்ன சாப்பிட்டீங்க?"

அழுகை நின்றது. அந்தப் பெண் ஏதோ இட்லி என்று சொன்னார்.

அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒன்பது வருடமாக இந்த வேலையை இப்படிச் செய்கிற ஒருவருக்கு, எல்லாம் சரியாகிவிடும் என்று பொய் சொல்ல நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

மறுநாள் வகுப்புக்கு வந்ததும் இதை அப்படியே சொல்லிவிட்டேன். உங்கள் மேல் குறை இல்லை, நான் கொடுத்த தாளில்தான் குறை என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ரெண்டு தடவை சார்" என்றார். "ரெண்டு தடவையும் மதுரையில பரீச்சை முடிச்சிட்டு, பஸ்ஸுல அழுதுக்கிட்டே வந்தேன். எனக்கு நாக்கு வளையலைன்னு நெனச்சேன்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி வரமாட்டார் என்றுதான் இருந்தேன். மூன்று நாள் கழித்து வந்தார். "இப்ப என்ன சார் செய்யணும்?" என்றார்.

முதலில் எல்லாவற்றையும் தமிழில் நடத்தினோம். நான் நோயாளி, அவர் நர்ஸ். ஆஸ்பத்திரியில் என்ன சொல்வாரோ அதையே சொல்ல வேண்டும். அதை நான் எழுதிக்கொள்வேன். பிறகு இருவருமாக உட்கார்ந்து அதற்கு ஆங்கிலம் தேடுவோம். பல வாக்கியங்கள் சுலபமாக வந்தன. 'இட்ஸ் ஆல்ரைட் டு பி அஃப்ரெய்ட்' என்று முதல்முறை சொன்னபோது, அவர் கண் சுவரில் இல்லை, என் முகத்தில் இருந்தது.

ஒரு சொல்லில் மட்டும் மாட்டிக்கொண்டோம்.

"அக்காவுக்கு இங்கிலீஷ்ல என்ன சார்?"

"கூடப் பிறந்தவளுக்குத்தான் சொல் இருக்கு. நோயாளியை அப்படிக் கூப்பிட முடியாது."

"அப்ப அண்ணாச்சி?"

"அதுவும் இல்லை."

"பின்ன அங்கன எப்படித்தான் கூப்பிடுவாங்க?"

"பேரைக் கேட்டு, பேர் சொல்லி."

அவருக்கு அது ஒப்பவே இல்லை. அப்பா வயதுள்ளவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாய் அழுகிவிடாதா என்றார். நாலைந்து நாள் இதே வாதம். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பேரைச் சொல்வதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி, அக்கா என்பதை மனசுக்குள் சொல்லிக்கொள்வார். பிறகு பேர். கேட்கிறவருக்கு அந்த நிறுத்தம் மரியாதையாகவே தெரிந்தது. நோயாளியாக உட்கார்ந்த எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

மூன்றாம் முறை தேறினார். இனிப்போடு வந்தவர், பாதியை ஜவுளிக்கடைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மாடி ஏறினார். அடுத்த வருடம் இங்கிலாந்து போனார். மகளைத் தங்கை வீட்டில் விட்டிருந்தார்.

அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரம் போன் வந்தது.

"சார், இவங்க பேசுதது ஒண்ணுமே விளங்கல. பாதிச் சொல்ல முழுங்குதாங்க. இன்னைக்கி துணி வைக்கிற ரூமுல போய் அழுதேன்."

நான் திருவனந்தபுரத்தைத் தாண்டிப் போனதில்லை. அந்த ஊர்ப் பேச்சை நேரில் கேட்டதும் இல்லை. "எனக்கும் விளங்காது சிஸ்டர்" என்றேன்.

"நெசமாவா சார்?"

"நெசமா. பாதிகூட விளங்காது."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப சரி. திருப்பிச் சொல்லுங்கன்னு கேக்கேன். எத்தனை தடவைனாலும் கேக்கேன்" என்றார்.

கேட்டுக் கேட்டே பழகிவிட்டார். அங்கே தன் வார்டில் நோயாளிகள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள், வலியை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று வாரம் ஒருமுறை எனக்கு எழுதி அனுப்புவார். என் மாடியில் இப்போது பன்னிரண்டு நர்ஸ்கள் படிக்கிறார்கள். அவர்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். போன பள்ளி விடுமுறையில் அவருடைய கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததும், அப்பாவும் மகளுமாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.