கடைக்காரர் போடச் சொன்ன பெரிய பூட்டு

கடைக்காரர் என்றால் என் கணவர். ராஜகீழ்ப்பாக்கத்தில் பூட்டு, தாழ்ப்பாள் விற்கிறார். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்ப்பார். நான் ஆட்டோவில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடிப்பது என் வேலை. எட்டு மாதக் குழந்தையைத் தாம்பரத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டு ஆபீஸுக்கு ரயில் ஏறுவேன். குழந்தை என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு அழுவாள். நான் ரயிலில் அழுவேன். பெருங்களத்தூர் வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று கெஞ்சியதில், மூன்று நாள் பார்க்கலாம் என்றார்கள். ஒரு நாளாவது காலை பதினொரு மணிக்குள் வேலையை முடித்து அனுப்பிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பழையபடி ரயில்தான்.

நோயாளிகளின் விஷயம் வெளியே கசியக் கூடாது. அதனால் டாக்டர் குரலை வி.பி.என். என்கிற ரகசிய இணைய வழியில் பூட்டி அனுப்புவார்கள். என் கணினி திறந்துகொள்ளும். எவ்வளவு பெரிய பூட்டு வேண்டும் என்று திரையில் கேட்டது. கடையை அடைத்துப்போட்டு என் பின்னாலேயே நின்ற கணவர், "இதுல யோசிக்க இன்னா கீது? இருக்கறதுலயே பெருசா போடு" என்றார். போட்டேன்.

என் கணினியோ யாரோ கழித்துப்போட்ட பழசு. அவ்வளவு பெரிய பூட்டைத் திறந்து திறந்து அதற்கு மூச்சு வாங்கியது. டாக்டர் குரல் விக்கி விக்கி வந்தது. முழங்கால் என்பது கேட்டது, இடதா வலதா கேட்கவில்லை. குத்துமதிப்பாக அடிக்கிற விஷயமா அது? இரண்டு நாளும் கோட்டைவிட்டேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

மூன்றாம் நாள் ஒன்பதரைக்கு, ஆபீஸில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவருக்குப் போன் போட்டேன்.

"எந்த செட்டிங் மேடம்?"

"இருக்கறதுலயே பெருசு சார்."

சிரித்துவிட்டார். "உங்க மெஷின் தாங்காது மேடம். லிஸ்ட்ல கடைசில இருக்கற சின்னதைப் போடுங்க. அதையே யாராலயும் உடைக்க முடியாது."

மாற்றினேன். கணவருக்கு மனசு கேட்கவில்லை. "சின்னப் பூட்டா? எவனாவது தெறந்துட்டா?"

"பெருசைப் போட்டு நான்தான் தெறக்க முடியாம கெடக்கறேன். சும்மா இருங்க."

டாக்டர் தெளிவாகச் சொன்னார், இடது முழங்கால். பத்து ஐம்பத்திரண்டுக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்தை ரெண்டு சுற்று சுற்றினேன்.

மறுநாள் என் ரயில் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. நான் அவளுக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கடைக்குக் கிளம்பிய கணவர் பழக்கதோஷத்தில் வெளியே பூட்டை மாட்டி, நாலு தடவை இழுத்தும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கடைக்குப் போன் போட்டேன். "வந்து தெறங்க. இனிமே பகல்ல இந்த வூட்ல ஆள் இருக்கும்."