பாட்டு தீரும் வரை எரிந்த கட்டை

தென்னம்பாளையின் காய்ந்த கொதும்பு பற்றும்போது எழும் 'சடசட'வைக் கேட்டுக் குதித்த நாங்கள், அது சற்று நேரத்தில் அடங்கியதும் முகம் வாடிப்போனோம். எட்டாம் வகுப்பில், வட்டக்கோட்டைக்குப் பக்கத்துத் தென்னந்தோப்பில், எங்கள் பள்ளிச் சாரணியர் முகாம். ஓலையும் சிரட்டையும் வேண்டிய மட்டும் கிடந்தன. அவை நின்று எரியுமா என்ன? காற்றில் சாய்ந்து காய்ந்துபோன ஒரு பூவரசும் நெடுநீளத்துக்குக் கிடந்தது. அதை அறுக்க ரம்பமோ 'வெட்டோத்தி' அரிவாளோ இல்லை. இரண்டையும் நாகர்கோவிலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

"தீயில்லன்னா பாட்டும் கிடையாது. தின்னுட்டுப் படுங்க," என்று சொல்லிவிட்டார் எஸ்தர் டீச்சர்.

என் சிநேகிதி தங்கக்கனிக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தத் தீயைச் சுற்றிப் பாடுவதற்கென்றே அவள் சொந்தமாக ஒரு வில்லுப்பாட்டுக் கட்டி வைத்திருந்தாள். பெண்பிள்ளை நாலுபேர் முன்னால் பாடுவதா என்று கண்ணை உருட்டும் அப்பா அஞ்சுகிராமத்தில் இருந்தார். அந்தச் சாயங்காலத்தை விட்டால் அவளுக்கு வேறு சாயங்காலம் கிடையாது.

அழுகையும் கோபமுமாக அவளே கத்தினாள்: "ஏட்டி, எதுக்கு அறுக்கணும்? தும்ப மட்டும் தீயில வைப்போம். எரிய எரியத் தள்ளுவோம்!"

அடடா, அதன் பிறகு நாங்கள் போட்ட கூத்து! "கை சுட்டா உங்க அம்மைக்கு யாரு பதில் சொல்லுவா?" என்று டீச்சர் பதற, மரத்தை இழுத்துவந்து, அதன் நுனியைச் சிரட்டைக் கனலில் செருகி, ஓலையைப் போட்டு ஊதி ஊதிப் பிடிக்க வைத்தோம். சோற்று அண்டாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு கனி பாட, ஒவ்வொரு அடிக்கும் நாங்கள் "ஆமா!" போட, அந்த "ஆமா"வுக்கே அடிமரத்தில் நின்ற இரண்டுபேர் ஒரு தள்ளுத் தள்ளினார்கள். டீச்சரின் விசிலையும் அவர் கிண்டிய மணல் உப்புமாவையும் அவள் பாட்டில் இழுத்தபோது, திட்டப் போகிறார் என்றுதான் பயந்தோம். அவரோ கண்ணில் நீர்வரச் சிரித்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டையைப் பிடித்தார். "தள்ளுங்க மக்கா, பாட்டு தீரல்லியே!"

கனி கடைசி அடி வரை பாடினாள். அவளைவிட எனக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை.

இன்று அங்கே தோப்பு இல்லை, தங்கும் விடுதி இருக்கிறது. போன மாதம் என் மகளின் பள்ளி முகாமும் அங்கேதான். அளவாக அறுத்த விறகு வண்டியில் வந்ததாம், விடுதி ஆளே பற்றவைத்தாராம், பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்களாம்.

"யாரு மக்கா பாடுனா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"ஸ்பீக்கர்," என்றாள்.