கேக்குது மேடம்

எங்க லாண்டரியில அவளுக்கு நாங்க வெச்ச பேர் வாயாடி. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்ங்கற மாதிரி இருப்பா, அதனால. பக்கத்து மேஜையில நின்னு இஸ்திரி போடறவ நான். பேச்சுத் துணை இல்லாம எனக்குக் கோபம் கோபமா வரும்.

அவ புருஷனுக்குக் கப்பல்ல வேலை. ஒரே பொண்ணு, ஆறு வயசு, பேச்சு வரலை. பகல்ல மாமியார் பாத்துக்குவாங்க, இவ தலையைக் கண்டதும் மக வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க. புருஷன் ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கிடையாது. அம்மான்னு கூப்பிட்டாளாங்கறதுதான் கேள்வி. இல்லைன்னா வெச்சுடுவான், பாவி.

ஒரு தடவை காய்ச்சல்னு லீவு போட்டாளேன்னு பாக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே இவ குரல். அசந்துட்டேன். தண்ணிக் குடத்துல சாய்ச்சு வெச்ச போன்ல ஒரு டீச்சரம்மா. இந்த மாதிரி பிள்ளைங்களைப் பெத்தவங்களுக்கு ஆன்லைன்ல பாடம் எடுக்கறாங்களாம். நான் பேசறது கேக்குதான்னு அவங்க கேட்டதும் இவ முதுகை நிமித்தி, "கேக்குது மேடம்"னா. பிள்ளைகிட்ட ஒண்ணு கேட்டா பதிலையும் நாமளே சொல்லிடக் கூடாது, காத்திருக்கணும், புரியுதான்னாங்க. புரியுது மேடம்னா. ரொம்ப நல்லதுன்னு அவங்க சொன்னதும் இவ முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். பொண்ணு மூலையில துணி கிளிப்பை வரிசையா அடுக்கிட்டிருந்துச்சு, திரும்பிக்கூடப் பாக்கலை.

நான் எட்டிப் பாத்தா, ரெண்டு வருஷம் முன்னாடி போட்ட வீடியோ. என்னால சும்மா இருக்க முடியுமா? அடி அசடே, அந்தம்மாவுக்கு நீ யாருன்னே தெரியாதுடின்னுட்டேன்.

"தெரியும்க்கா. மொதல்ல தெரியாமத்தான் பதில் சொன்னேன். தெரிஞ்சப்புறம் விட மனசு வரலை. புரியுதான்னு என்னைக் கேக்கறது அவங்க ஒருத்தர்தான்."

கொண்டுபோன பழத்தைக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

அடுத்த மாசம் ஒரு நாள் வந்ததும் வராததுமா என் கையைப் பிடிச்சா. முந்தின சாயங்காலம் போன்ல சார்ஜ் இல்லையாம், பாடமும் இல்லையாம். பொண்ணுக்குச் சோறு ஊட்டிக்கிட்டே என்னென்னவோ சொல்லியிருக்கா. அது காதுலயே போட்டுக்கலை. அலுத்துப்போய், நான் பேசறது கேக்குதான்னு கேட்டுட்டு, பாடத்துல சொன்ன மாதிரி காத்திருந்திருக்கா. பொண்ணு கிளிப்பைக் கீழே வெச்சுட்டு, முதுகை நிமித்தி, "கேக்குது மேடம்"னுச்சாம்.

ஞாயித்துக்கிழமை புருஷன்கிட்ட சொல்லியிருக்கா. அம்மான்னு சொல்லலையேன்னு வெச்சுட்டான்.

மறுநாள் சட்டைக் காலரைத் தேய்ச்சுக்கிட்டே, தலை நிமிராம கேட்டா.

"மேடம்னாலும், அது என்னைத்தானே சொல்லுச்சு, அக்கா?"

"உன்னைத்தான்டி."

அன்னைக்கு முழுக்க அதையே திரும்பத் திரும்பக் கேட்டா. நானும் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன்.