தேனீயைக் கவ்விய மல்லி

இன்று காலை புத்தூரிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் போனேன். மடியில் எங்கள் குட்டி நாய் மல்லி. ஏறுமுன் ஒரு தேனீயைக் கவ்வினாள். நான் சிரித்தேன்.

பாதி வழியில் அவள் முகம் வீங்கியது. மூச்சு இரைத்தது, வாந்தியும் எடுத்தாள்.

பக்கத்து சீட்டில் நகரியில் ஆடு வளர்க்கும் ஓர் அக்கா. மல்லியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"ஈறு வெளுத்துக்கினு வருதும்மா. மூச்சு அடைக்கிறதுக்குள்ள ஊசி போட்டுடணும். நீயா மாத்திரை எதுவும் குடுத்துடாத."

உடனே டிரைவரிடம் தெலுங்கில், "அன்னா, பசுல ஆஸ்பத்ரி தக்கர ஆப்பன்னா!" என்று கத்தினார். கால்நடை ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ் நின்றது. யாரும் முணுமுணுக்கவில்லை.

ஊசி போட்டதும் மூச்சு மெல்லச் சீரானது.

அக்காவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மல்லி வாந்தி எடுத்தது அவர் சேலையில்தான்!